சருகா, பட்டாம்பூச்சியா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இருக்கிறேன். கொல்லையில் அழுகிக் கிடந்த பலாப்பழத்தை அள்ளக் கையை நீட்டினால், பக்கத்தில் கிடந்த சருகு எழுந்து பறக்கிறது! சிறகின் மேல்பக்கம் பளிச்சென்று நீலம், குறுக்கே வெளிறிய ஒரு பட்டை. பத்தடி தள்ளி மரத்தில் உட்கார்ந்து சிறகை மூடியதும் மறுபடி சருகுதான். நடுநரம்பு, காம்பு, பூசணம் பிடித்த புள்ளி வரை அப்படியே. அம்மா இன்னும் நம்பவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய புளூ ஓக்லீஃப் பட்டாம்பூச்சி என்று நினைக்கிறேன். தம்பியோ ஈவினிங் பிரவுன் என்கிறான். அதுவும் வறண்ட மாதங்களில் சருகு வேஷம் போடும், மழைக்காலத்தில் கண்புள்ளிகளோடு வரும். சரி, ஆனால் அதற்கு நீலம் ஏது?

சிக்கல் என்னவென்றால், படத்தில் மூடிய சிறகு மட்டுமே விழுந்திருக்கிறது. சிறகு நுனியிலிருந்து வால் வரை ஓடும் அந்தக் கோட்டை வைத்தே உறுதியாகச் சொல்லிவிடலாமா? புளூ ஓக்லீஃபின் புழு குறிஞ்சி இனச் செடிகளைத் தின்னுமாம். ஓடைக்கரையில் அவை நிறைய உண்டு. எந்த மாதத்தில் தேடிப் பார்க்கலாம்?

திரும்ப வரும் என்று பலாப்பழத்தை அங்கேயே விட்டிருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை, சீக்கிரம் பதில் போடுங்கள்.