தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், 1941–46: எந்தக் கம்பெனி, எங்கே இருந்தார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

மர்பிடவுன் பேரன்:
வணக்கம். அம்மாவின் அப்பா 1941-ல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியாளர் படை) சேர்ந்து 1946-ல் வெளியே வந்தவர். பென்ஷன் கிடையாது. சொந்த ஊர் அன்றைய வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா. அவர் இப்போது இல்லை, பாட்டியும் இல்லை. போரைப் பற்றி வீட்டில் பேசியதே கிடையாது.

கையில் இருப்பது இவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் மேல்பாதி (மடிப்பில் கிழிந்து கீழ்ப்பாதி போய்விட்டது). எண் தெளிவாக இருக்கிறது. ரேங்க் சாப்பர், ட்ரேட் பிளாக்ஸ்மித். கம்பெனி எழுதிய இடத்தில் மை பரவி, முதல் இலக்கம் 1 என்பதும் அதற்கப்புறம் எஃப், டி என்ற எழுத்துகளும் மட்டும் தெரிகின்றன. மெடல் நான்கு: ஆறு முனை நட்சத்திரம் மூன்று, வட்டமானது ஒன்று. நட்சத்திரங்களில் '1939–1945', 'ஆப்பிரிக்கா', 'இத்தாலி' என்று பொறித்திருக்கிறது. ரிப்பன் ஒன்றும் மிஞ்சவில்லை.

எங்கே மனு போடுவது? ஆர்டிஐ போட்டால் முழு சர்வீஸ் ரெக்கார்டும் வருமா? லண்டனில் எழுதிக் கேட்க வேண்டுமா?

பழைய தாள்:
முதலில் ஆர்டிஐ வேண்டாம். அல்சூர் பக்கம் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு, வாரிசு என்ற முறையில் சாதாரண மனு எழுதுங்கள். அன்றைய 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'தான் சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. மனுவில் பழைய பெயரையும் எழுத வேண்டும்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'முழு சர்வீஸ் ரெக்கார்ட் தாருங்கள்' என்று கேட்டால் அவர்கள் தேடப்போவது ஷீட் ரோல். ஒரு சிப்பாயின் சேர்க்கை, பதவி, தண்டனை, விடுப்பு, குடும்ப விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆனால் பென்ஷன் இல்லாதவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1946-ல் வெளியே வந்தவருடையது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 'ஆவணங்கள் அழிக்கப்பட்டன' என்று ஒரு வரி பதில் வரும், பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது லாங் ரோல். பெரிய கட்டுப் பதிவேடு, ஒரு ஆளுக்கு ஒரு வரி: எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம். ஷீட் ரோல் போன பிறகும் இதை வைத்திருப்பார்கள். 'ஷீட் ரோல் அழிக்கப்பட்டிருந்தால், லாங் ரோலில் இந்த எண்ணுக்கு நேராக உள்ள பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும்' என்று அப்படியே எழுதிவிடுங்கள்.

கூடவே எண், ரேங்க், தாத்தாவின் தந்தை பெயர், ஊர், தாலுகா, அன்றைய மாவட்டம். இன்றைய வேலூர் மாவட்டம் என்று மட்டும் எழுதினால் பதிவோடு பொருந்தாது. பெயரை ஆதார் கார்டில் உள்ளபடி எழுதாமல் டிஸ்சார்ஜ் தாளில் உள்ள ஆங்கில எழுத்தோடு எழுதுங்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை அன்றைய குமாஸ்தாக்கள் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். இறப்புச் சான்று, அம்மாவின் வாரிசுச் சான்று, உங்கள் அடையாள அட்டை மூன்றின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் ஆர்டிஐ. ஆன்லைனில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்து போடலாம், கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், 500 வார்த்தைக்குள் முடிக்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். வாரிசு என்பதை மனுவிலேயே சொல்லாவிட்டால் தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

லாங் ரோல் வந்தாலும் அவர் எங்கெங்கே போனார் என்பது அதில் இருக்காது. அதைச் சொல்லப்போவது கம்பெனியின் காகிதங்கள். ஆளைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கம்பெனியைத் தேடுங்கள்.

வரைபடப் பித்தன்:
அந்தத் தாளிலேயே இன்னும் விஷயம் இருக்கிறது. மை பரவிய இடத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்காதீர்கள், கறைதான் பெரிதாகத் தெரியும். அறையை இருட்டாக்கித் தாளை மேஜையில் தட்டையாக வைத்து, டார்ச்சைத் தாளுக்குச் சமமட்டத்தில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். தொட்டு எழுதும் பேனாவின் நிப்பு தாளில் பள்ளம் போட்டிருக்கும். மை கலைந்தாலும் பள்ளம் கலையாது. நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து, போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஈரத்துணி, பிளாஸ்டிக் லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எதைத் தேடுவது? எஃப், டி என்பது 'ஃபீல்டு' என்பதன் சுருக்கம். அதை ஒட்டி சி, ஓ, ஒய் வந்தால் ஃபீல்டு கம்பெனி. நடுவில் பி, கே இருந்தால் ஃபீல்டு பார்க் கம்பெனி. இரண்டும் வேறு. ஒரு டிவிஷனுக்கு மூன்று ஃபீல்டு கம்பெனி, ஒரு ஃபீல்டு பார்க் கம்பெனி. முன்னதன் வேலை முன்னணியில் சாலை, பாலம், கண்ணிவெடி. பின்னதில் பட்டறையும் சாமான் கிடங்கும். பிளாக்ஸ்மித் என்றதும் பட்டறைதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், ஃபீல்டு கம்பெனியிலும் கொல்லர்கள் உண்டு.

மெடல்கள் தேதியைச் சொல்கின்றன. ஆப்பிரிக்கா ஸ்டாருக்கான காலம் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. இத்தாலி ஸ்டாருக்கு 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. ஆகவே 1943 மே மாதத்துக்கு முன்பே ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிவிட்டார், பிறகு இத்தாலி. மெடல் இருந்த டப்பாவில் '8' என்ற இலக்கம் கொண்ட சின்ன உலோகத் துண்டு கிடக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் 8ஆம் ராணுவத்தில் 1942 அக்டோபர் 23-க்குப் பிறகு இருந்தவர்கள் ஆப்பிரிக்கா ரிப்பன் மேல் குத்திக்கொள்வது அது. ரிப்பன் மக்கினாலும் துண்டு மிஞ்சும்.

1-ல் தொடங்கும் எண், ஆப்பிரிக்கா, இத்தாலி, மெட்ராஸ் சாப்பர்ஸ். நான்கும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது 4ஆம் இந்திய டிவிஷன். அதில் 12 ஃபீல்டு கம்பெனியும் 11 ஃபீல்டு பார்க் கம்பெனியும் மெட்ராஸ்காரர்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்ரமணியன் இந்த 11-ஐச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார்.

மர்பிடவுன் பேரன்:
டார்ச் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது இலக்கத்தின் அடியில் கிடைக்கோடு ஒன்று பள்ளமாகத் தெரிகிறது, 2 மாதிரி. 'எஃப்டி'யை ஒட்டியே சி-யின் வளைவு, நடுவில் வேறு எழுத்துக்கு இடமில்லை. டப்பாவின் பஞ்சுக்கு அடியில் '8' இருந்தது! 12 ஃபீல்டு கம்பெனி என்றே எடுத்துக்கொள்ளலாமா?

வரைபடப் பித்தன்:
எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பென்சிலால் எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் இருப்பது கடைசியாக இருந்த கம்பெனி. பெங்களூரில் பயிற்சி முடித்து, கடல் தாண்டி, ஆள் குறைந்த கம்பெனிக்கு அனுப்பப்படும் வரை வேறு இடத்தில் இருந்திருப்பார். நடுவில் மாறியும் இருக்கலாம்.

சரிபார்க்க ஒரு வழி. கமான்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனின் தளத்தில் உயிரிழந்தவர்கள் பெயர் மட்டுமே இருக்கும், உங்கள் தாத்தா இருக்கமாட்டார். ஆனால் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று தேடி, பட்டியலை எக்ஸெல்லில் இறக்கி, 12 ஃபீல்டு கம்பெனி ஆட்களை மட்டும் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். எந்த மாதம் எந்த நாட்டுக் கல்லறை என்று கம்பெனி போன பாதை கோடு போட்டதுபோல் தெரியும். தாத்தாவின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் எந்தக் கம்பெனியில் விழுகின்றன என்பதையும் பாருங்கள். ஒரே வாரம் சேர்ந்தவர்கள் ஒரே தொகுதியாகப் போவது உண்டு. அது துப்பு, சான்று அல்ல.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கால எண்கள் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் தனித்தனி. அதே எண் வேறு ரெஜிமெண்டில் வேறு ஆளுக்கு இருக்கும். எண்ணை மட்டும் போட்டுத் தேடி, கிடைத்தவரைத் தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜன்பத் வாசகர் (டெல்லி):
லண்டனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியச் சிப்பாய்களின் தனிக் கோப்பு அங்கே இல்லை. பிரிட்டிஷ் லைப்ரரியில் இருப்பவை பெரும்பாலும் இந்திய ராணுவத்தில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுடையவை. அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கம்பெனியின் வார் டைரி (போர்க்காலத்தில் கம்பெனி எழுதி வைத்த நாட்குறிப்பு) லண்டனின் கியூ பகுதியில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில் உண்டு. மத்தியக் கிழக்குப் படைகளின் கோப்பு வரிசை டபிள்யூ.ஓ. (வார் ஆபிஸ்) 169, இத்தாலிப் படைகளுடையது 170, பர்மாப் பக்கம் 172. இத்தாலி என்பதற்காக 170-ஐ மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், இத்தாலியில் இருந்த இந்தியப் பிரிவுகளின் டைரிகள் 169-லும் இருக்கின்றன. கேட்டலாக்கில் கம்பெனி எண்ணையும் ஆண்டையும் போட்டுத் தேடிக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் கேட்டால் செலவு அதிகம். லண்டனில் உறவினர் யாராவது இருந்தால் ரீடர்ஸ் டிக்கெட் எடுத்துத் தங்கள் போனிலேயே படம் எடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

டெல்லியில் இரண்டு இடம். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு ஆர்.கே. புரத்தில் இருக்கிறது. ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம். 25 ஆண்டு கடந்த வார் டைரி போன்றவற்றை ஆராய்ந்து ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஜூனில் அமைச்சகம் கொள்கை அறிவித்தது. ஆகவே ரயில் டிக்கெட் போடுமுன் இரண்டு இடத்துக்கும் எழுதி, '12 ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், வார் டைரி, 1942–45' இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். அது கோப்பின் தலைப்பைத்தான் தேடும், உள்ளே எழுதியதைத் தேடாது. தாத்தாவின் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

பழைய தாள்:
டைரி கைக்கு வந்ததும் ஏமாற்றம் வரும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். சாப்பர்கள் பெயர் சொல்லி எழுதப்படுவதில்லை. அதிகாரிகள் பெயர் வரும், சுபேதார், ஜமேதார் சிலசமயம் வருவார்கள். சாப்பர் பெயர் வருவது இறந்தால், காயம்பட்டால், விருது பெற்றால். மற்ற நாளெல்லாம் 'ஐஓஆர்' என்ற மூன்றெழுத்தும் ஒரு எண்ணிக்கையும்தான், அதாவது அதிகாரி அல்லாத இந்திய வீரர்கள். 'விசிஓ' என்பது சுபேதார், ஜமேதார் வரிசை.

ஒரு மாதத்துக்கு ஒரு உறை. முதல் பத்தியில் இடம், அடுத்து தேதியும் மணியும், பிறகு நடந்தது, கடைசியில் பின்னிணைப்பு எண். பின்னிணைப்புகளை விடாமல் படம் எடுங்கள். எந்தப் பிளாட்டூன் எந்தப் பாலத்துக்குப் போனது என்ற வேலை உத்தரவுகள் அங்கேதான் இருக்கும். ஆறு இலக்க இடக்குறிப்பு வந்தால் கூகுள் மேப்பில் அப்படியே போடாதீர்கள். முதல் மூன்று இலக்கம் கிழக்கு நோக்கி, அடுத்த மூன்று வடக்கு நோக்கி, 100 மீட்டர் துல்லியம். அந்தப் போர்க்கால வரைபடத் தாளின் கட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும். ஆற்றின் பெயர், ஊர் பெயரை வைத்து இடத்தைப் பிடிப்பதே சுலபம்.

1944 பிப்ரவரி, மார்ச் உறைகளை முதலில் திறங்கள். டிவிஷன் அப்போது இத்தாலியின் காஸினோ மலையில். கைரா என்ற ஊரிலிருந்து மேலே ஏறும் கழுதைப் பாதையை டாங்கிகள் போகும் அளவுக்கு டிவிஷனின் சாப்பர்களும் நியூஸிலாந்து இன்ஜினியர்களும் அகலப்படுத்தினார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயர். மார்ச் 19 அன்று டாங்கிகள் அதில் ஏறின. அந்தப் பாதையில் ஓர் இடத்துக்குப் போர் வரைபடங்களில் 'மெட்ராஸ் சர்க்கஸ்' என்றே பெயர். கொல்லர் வேலை தெரிந்த ஒரு குடியாத்தத்துக்காரர் அங்கே உளி அடித்திருக்கக்கூடிய இடம் அது, டைரியில் பெயர் இல்லாவிட்டாலும்.

லாரி பேத்தி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தாத்தா சாப்பர் இல்லை, லாரி டிரைவர். நாங்களும் பெங்களூர்தான். யாரிடம் கேட்பது?

பழைய தாள்:
அம்மா, முதலில் கோர் எது என்று தெரிய வேண்டும். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்றால் ஏஎஸ்சி ரெக்கார்ட்ஸ் (சவுத்), பெங்களூரிலேயே இருக்கிறது. பயனியர் கோர் ரெக்கார்ட்ஸும் பெங்களூர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் நீலகிரி வெலிங்டன், சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவம் லக்னோ, இஎம்இ (வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் கோர்), ஆர்ட்னன்ஸ் (ஆயுத, தளவாடக் கோர்) இரண்டும் செகந்திராபாத். லாரி ஓட்டியதாலேயே சர்வீஸ் கோர் ஆகிவிடாது, சாப்பர் கம்பெனியிலும் டிரைவர்கள் உண்டு. போட்டோவில் தோள்பட்டைப் பித்தளை எழுத்து தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:
இரண்டு பேருக்கும் ஒன்று. டிஸ்சார்ஜ் தாள் கிழிந்தாலோ தொலைந்தாலோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைக் கேட்க மறக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இருந்து பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசுகள் மாத உதவித்தொகை கொடுத்து வந்தன. பாட்டி அதை வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் தாளின் முழு நகலும் இணைத்திருப்பார். கீழ்ப்பாதி உட்பட. பாட்டி பெங்களூரில் வாழ்ந்திருந்தாலும் தாத்தாவின் சொந்த மாவட்டத்தில் பதிந்திருக்கலாம், எனவே வேலூர், பெங்களூர் இரண்டு அலுவலகத்திலும் கேளுங்கள். பாட்டியின் பெயரில் கேளுங்கள், கோப்பு அவர் பெயரில்தான் இருக்கும். பழைய பேங்க் அல்லது தபால் அலுவலகப் பாஸ்புக்கில் மாதாமாதம் ஒரே தொகை வரவாகியிருந்தால் அதுவும் அடையாளம்.