புதுப்பிப்பு: நாகர்கோவில் லேபில் ஒரே ஐபி வாங்கிய க்ளோன்கள்

ஒரே உபுண்டு சர்வர் பேஸ் இமேஜில் (மூல டிஸ்க் கோப்பில்) எடுத்த க்ளோன்களுக்கு, அதாவது நகல் விர்ச்சுவல் மெஷின்களுக்கு, மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் எண்) வேறு, ஐபி மட்டும் ஒன்று. ஏன் என்று கேட்டிருந்தேன். ரவுட்டர்மேல் தப்பில்லை, டிஹெச்சிபி (ஐபி தானாக வழங்கும் முறை) வழியே ஐபி கேட்கும்போது உபுண்டு காட்டும் அடையாளம் மெஷின்-ஐடியிலிருந்து (ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் உள்ள தனி எண்) உருவாகிறது, க்ளோன்களில் அது நகல்.

பேஸை மூடும்முன் எட்சி (/etc) அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பை 0 பைட்டாக்குங்கள். கோப்பு இருக்கட்டும், காலியாக இருந்தால் அடுத்த பூட்டில் புதிது எழுதப்படும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) ஹோஸ்ட் சாவிகளையும் அழியுங்கள், அவையும் மெஷினின் அடையாளம்தான். க்ளவுட்-இனிட் (முதல் பூட்டில் சிஸ்டத்தை அமைக்கும் கருவி) இருந்து, அது க்ளோனைப் புது மெஷினாக எடுத்துக்கொண்டால் அதுவே புதிய சாவிகளைப் போடும், இல்லையென்றால் கையால்தான். உடனே பவர் ஆஃப். 'சும்மா பார்ப்போம்' என்று பேஸை மறுபடி பூட் செய்தால் கோப்பில் மறுபடி ஒரு ஐடி எழுதப்பட்டு, க்ளோன்கள் எல்லாம் அதையே நகலெடுக்கும்.

ஓவர்லே டிஸ்க் (பேஸின் மேல் மாற்றங்களை மட்டும் சேமிக்கும் கோப்பு) வைத்திருப்பவர்கள் பேஸ் கோப்பை ரீட்-ஒன்லி ஆக்கவும். அது மாறினால் ஓவர்லே அத்தனையும் கெடும். டிஸ்க்கின் கேஷ் மோடு 'அன்சேஃப்' வேண்டாம், அதில் கரண்ட் போனால் டிஸ்க்கில் எழுதாத தரவு போய்விடும், சாரலுக்கே கரண்ட் போகிற ஊர் நம்முடையது.