ரன்னிங் போர்டில் துரு: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா வாங்கிய 1998 மாருதி 800. தூத்துக்குடி உப்புக்காற்று சும்மா விடுமா? இடது ரன்னிங் போர்டை (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பகுதி) ஸ்குரூடிரைவரால் லேசாகத் தட்டினேன், உள்ளே போய்விட்டது! முன்பு ஒரு பட்டறையில் துருவைச் சுரண்டாமல் மேலேயே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியில் ஈரம் தங்கி இப்போது இன்னும் மோசம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளும் மண்ணடைத்துக் கிடந்தன, அதைக் குத்திவிட்டேன்.

இந்த முறை துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, எபாக்சி பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு) அடிக்கலாம் என்று எண்ணம். டிங்கர் அண்ணன் கேஸ் வெல்டிங் போதும் என்கிறார். மெல்லிய தகடு சூட்டில் நெளியுமே, மிக் வெல்டிங்தானே (மெல்லிய கம்பியை மின்சாரத்தில் உருக்கிப் பற்றவைப்பது) சரி?

அப்புறம், கை நுழையாத உட்பக்கத்துக்கு எதை அடிப்பது? மெழுகா, கிரீஸா?