புதுப்பிப்பு: வெயிலில் அணைந்துபோகும் ஐபேட்

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சின்ன விமானம் ஓட்டி வரும்போது மதிய வெயிலில் ஐபேட் சூடேறி வரைபடம் மறைந்துவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் பாவிக்க வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை மாதத்துப் பலாலியில், கண்ணாடி மூடிய கொக்பிட் (விமானி அறை) தரையில் நிற்கும்போதே அதைத் தாண்டிவிடும். ஆகவே முன்கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் கழற்றித் தொடையில் கட்டிக்கொண்டேன். உறையையும் எடுத்துவிட்டேன். சார்ஜ் போடுவதெல்லாம் பறக்குமுன் தரையிலேயே. பறக்கும்போது ஏற்றினால் சூடு இன்னும் கூடும்.

உறையை எடுத்ததில் இன்னொரு லாபம். அதிலுள்ள காந்தம் விமானத்தின் காந்தத் திசைகாட்டிக்குக் கிட்டப் போனால் அது திசையைப் பிழையாகக் காட்டும். மின்சாரம் போனாலும் வேலை செய்கிற கருவியை நாமே குழப்பக் கூடாதல்லவா?

போலரைஸ்ட் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. சில கோணத்தில் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது அதனால்தான், சூட்டால் அல்ல.

வைஃபை மட்டும் உள்ள ஐபேட் வாங்க நினைப்பவர்களுக்கு: அதில் ஜி.பி.எஸ் கிடையாது. சிம் போடும் வகை வேண்டும், இல்லையென்றால் புளூடூத் ஜி.பி.எஸ் கருவி ஒன்று தனியாக.

என்னதான் இருந்தாலும் வழிகாட்டலுக்கு முதலில் பார்ப்பது விமானத்தின் கருவிப் பேனலில் பொருத்திய திரையைத்தான். பலாலிக்கு வடக்கே பாக்குநீரிணை, அப்புறம் இந்திய வான்பரப்பு. அங்கே டேப்லெட்டை மட்டும் நம்பிப் போக எனக்கு மனமில்லை. காகித வரைபடமும் பையில் இருக்கிறது.

தொடைப்பட்டி வியர்வையில் வழுக்குகிறது. நல்ல பட்டி தெரிந்தால் சொல்லுங்கள்.