டெங்கு வரைபடத்தில் சில மாதங்களுக்கு நெடுந்தீவு மறைந்துவிடுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் மாதந்தோறும் பதிவான டெங்கு நோயாளர் தொகையை, மாதத்துக்கு ஒரு கட்டமாக ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் வரைந்து வருகிறேன். பிரிவுகளின் எல்லைகளைக் கொண்ட எல்லைக் கோப்போடு தரவு அட்டவணையை லெப்ட் ஜொயின் (எல்லைக் கோப்பின் எல்லாப் பிரிவுகளையும் வைத்துக்கொண்டு இணைக்கும் கட்டளை) மூலம் இணைத்தபின், சில கட்டங்களில் நெடுந்தீவு வரையப்படுவதே இல்லை, இறுதியில் என்.ஏ. (தரவு இல்லை) என்ற தலைப்புடன் புதிய கட்டமொன்று தோன்றி, அதில் மருதங்கேணியும் கரவெட்டியும் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. இவற்றை எவ்வாறு சீர்செய்யலாம்?

மறுமொழி 1:
இரண்டுக்கும் காரணம் வேறு. என்.ஏ. கட்டம், எல்லைக் கோப்பிலும் அட்டவணையிலும் உள்ள பெயர்கள் பொருந்தாததால் வருவது; பொருந்தாத பிரிவுக்கு மாதமும் கிடைக்காது. மருதங்கேணி வடமராட்சி கிழக்கு என்றும், கரவெட்டி வடமராட்சி தென்மேற்கு என்றும் எல்லைக் கோப்பில் இருக்கக்கூடும். அன்ரி ஜொயின் கட்டளை பொருந்தாத பெயர்களை வரிசையாகக் காட்டிவிடும். பெயரை விட்டுப் பிரிவுக் குறியீட்டெண்ணால் இணைப்பதே நல்லது.

நெடுந்தீவு மறைவது, நோயாளர் பதிவாகாத மாதத்துக்கு அட்டவணையில் வரியே இல்லாததால். இணைப்பதற்கு முன்னரே டைடிஆர் என்ற ஆர் துணைப் பொதியின் கொம்ப்ளீட் கட்டளையால் விடுபட்ட வரிகளை உண்டாக்குங்கள். ஆனால், அவை அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பூச்சியத்தால் நிரப்பிவிட வேண்டாம். நோயாளர் எவருமில்லை என்று அறிக்கை வந்த மாதம் வேறு, அறிக்கையே வராத மாதம் வேறு. பின்னதையும் பூச்சியமாகக் காட்டும் வரைபடம், அந்த ஊரில் நோய் இல்லை என்று பொய் சொல்கிறது.

மறுமொழி 2:
தொகைக்குப் பதிலாக இலட்சம் பேருக்கான வீதத்தை வரைய எண்ணினால், நெடுந்தீவு போன்ற மக்கள்தொகை குறைந்த பிரிவில் ஒரேயொரு நோயாளரே வீதத்தை உயர்த்திவிடுவதைக் கவனியுங்கள். அயல் பிரிவுகளின் தரவையும் துணைக்கொண்டு வீதத்தைச் சமன்செய்யும் பெசாக், யோர்க், மொலியே ஆகியோரின் புள்ளிவிபர மாதிரி (1991) இதற்கு உதவும். எனினும், எல்லைகள் தொடுவதை மட்டும் வைத்து அயலைக் கணித்தால், அதற்கான எஸ்பிடெப் என்ற ஆர் பொதி, தீவுகளுக்கு அயலே இல்லை என்று சொல்லிவிடும். டெங்கு தொலைவுக்குப் பரவுவது நுளம்பு பறப்பதால் அல்ல, தொற்றுள்ளவர்கள் பயணம் செய்வதால்; ஆகவே படகும் தாம்போதியும் (கடலின் குறுக்கே அமைந்த வீதி) செல்லும் வழியைப் பார்த்து அயலைக் கையால் கொடுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகு செல்வதால் நெடுந்தீவை வேலணையோடும், பண்ணைத் தாம்போதியால் வேலணையை யாழ்ப்பாணத்தோடும் இணைக்கலாம்.

இன்னொன்று: வடகீழ்ப் பருவமழையை ஒட்டி டிசெம்பர், ஜனவரியில் நோய் உச்சமடைவதால், யூலை முதல் யூன் வரையான ஆண்டாகக் கட்டங்களை அடுக்கினால் ஒரே பரவல் இரண்டாக வெட்டுப்படாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. என்.ஏ. கட்டம் நீங்கிவிட்டது, அறிக்கை வராத மாதங்களைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுள்ளேன். காரைநகரை எதனோடு இணைப்பது?

மறுமொழி 2:
பொன்னாலைத் தாம்போதி வழியாகச் சங்கானையோடும், படகு வழியாக ஊர்காவற்றுறையோடும் இணையுங்கள்.