‘சம்டே ஆர் ஒன் டே’: திரையில இருப்பது யுன்ருவா, யூஷுவானா?

ஆதிரை:
தைவான் தொடர் ‘சம்டே ஆர் ஒன் டே’ அஞ்சு எபிசோட் முடிச்சிருக்கேன். விமான விபத்துல காதலன் வாங் ச்சுவான்ஷெங்கைப் பறிகொடுத்த ஹுவாங் யூஷுவான், பஸ்ல வாக்மேன் கேட்டபடியே தூங்கிப்போய், 1998ல சென் யுன்ருங்கிற பள்ளிக்கூடப் பொண்ணோட உடம்புல கண் முழிக்கிறா. அங்க லி ட்ஸுவெய்னு ஒரு பையன், அப்படியே காதலன் முகம். இதுவரைக்கும் சரி. ஆனா சில காட்சியில இது யுன்ருவா, உள்ள வந்த யூஷுவானா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதே கதையைக் கொரியாக்காரங்க திரும்ப எடுத்ததைப் பார்த்தா போதுமா? யுன்ருவைத் தாக்கின குற்றவாளி யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

கேசட்காலம்:
ஆதிரை, முகத்தை விட்டுட்டுத் தோளைப் பாருங்க. யுன்ரு தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்தபடி நடப்பா. பேச்சு பாதி வாய்க்குள்ளயே நின்னுடும். யூஷுவான் வந்துட்டா கழுத்து நிமிரும், எதிர்ல இருக்கிறவங்களை நேராப் பார்ப்பா. அதே சீருடை, அதே முடி. ரெண்டு பேரையும் நடிச்சது ஆலிஸ் கோ ஒருத்தர்தான். 2020ல தைவானோட டிவி விருதான கோல்டன் பெல்லில சிறந்த நடிகை விருது அவங்களுக்குக் கிடைச்சது, சிறந்த தொடர் விருதும் இதுக்குத்தான்.

எல்லாரும் ‘யார் செஞ்சது’ன்னு துரத்திக்கிட்டே பார்க்கிறாங்க. எனக்கு அந்தப் பொண்ணு யுன்ருதான் கதை. நானும் 98ல பிளஸ் டூ படிச்சவ, வகுப்புல அதிகம் வாய் திறக்காதவ. யூஷுவான் உள்ள வந்ததும் வீட்டுலயும் பள்ளியிலயும் அவளைப் பிடிச்சுப்போகுது. அப்போ நிஜமான யுன்ருவை யாருக்கு வேணும்? தன் உடம்புல வேற ஒருத்தி வாழ்ந்தாதான் தனக்கு மதிப்புன்னு ஒரு பதினேழு வயசுப் பொண்ணு நினைச்சா என்ன ஆகும்? திகில் அங்கதான் இருக்கு. அவளை அவளாகவே பார்க்கிறவன் மோ ஜுன்ஜியே, ஒரு காது சரியாக் கேட்காத அந்தப் பையன். அவன் வர்ற காட்சி எதையும் ஓட்டிவிடாதீங்க.

ரயிலடி:
கொரிய வடிவம் 2023, நெட்ஃபிளிக்ஸ், 12 எபிசோட். ஜியோன் யோ-பீன், ஆன் ஹ்யோ-சோப், காங் ஹூன் நடிச்சிருக்காங்க. நான் முதல்ல பார்த்தது அதைத்தான், முடிச்சுகளைப் பிடிக்கச் சுலபமா இருந்தது. அங்கயும் 1998தான். வாக்மேன்ல ஓடுற பாட்டு மட்டும் வேற, சோ ஜி-வோன் பாடினது. சீனப் பேருங்க மனசுல நிக்கலைன்னா அதுலயே தொடங்கலாம்.

கேசட்காலம்:
@ரயிலடி, நடிப்புல குறை சொல்ல மாட்டேன். ஆனா மூலத்துல 13 எபிசோட், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல. அந்த நேரம் தேவைப்படுது. தைனான் ஊர்ல யுன்ருவோட தாய்மாமன் நடத்துற ரெக்கார்டு கடையில யுன்ரு, லி ட்ஸுவெய், மோ ஜுன்ஜியே மூணு பேரும் சும்மா பொழுதுபோக்குற காட்சிகளை வெட்டிட்டா, பின்னாடி அவங்க பிரியும்போது நமக்கு வலிக்காது. பாட்டும் அப்படித்தான். வூ பாய் 1996ல பாடின ‘லாஸ்ட் டான்ஸ்’, அந்தக் காலத்துப் பிள்ளைங்க உண்மையிலேயே கேட்ட பாட்டு. ஆதிரை, அஞ்சு எபிசோட் வந்துட்டீங்க, இதையே முடிங்க.

ரயிலடி:
ரெக்கார்டு கடை விஷயம் ஒத்துக்கிறேன். கொரிய வடிவத்துல அந்த மூணு பேர் நட்பு சீக்கிரமா நகர்ந்துடுது.

ஆதிரை:
தோள் விஷயம் தெரிஞ்சதும் நாலாவது எபிசோடைத் திரும்பப் போட்டேன் அக்கா, பளிச்சுன்னு தெரியுது. தைவான் தொடர்ல நடிச்ச அதே மூணு பேர் நடிச்ச படமும் இருக்காமே, இடையில பார்க்கலாமா?

கேசட்காலம்:
வேண்டாம்மா. அது 2022ல வந்தது, தொடரை முடிச்ச பிறகு பாருங்க. இப்போதைக்கு ஒண்ணு செய்யுங்க: பாட்டு ஆரம்பிக்கிற ஒவ்வொரு இடத்துலயும் எந்த வருஷம், வாக்மேன் யார் கையிலன்னு ஒரு தாள்ல குறிச்சு வைங்க. பத்தாவது எபிசோடுக்கு மேல அது இல்லாம முடியாது.