புதுப்பிப்பு: சாஸ்கடூனில் வண்டியை நிறுத்தினோம்

கனடாவில் ரெஜைனாவிலிருந்து எட்மன்டன் போகிற வழியில் சாஸ்கடூன் வெஸ்டர்ன் டெவலப்மென்ட் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன், பாதிப் பேர் ‘பழைய டிராக்டர்தானே’ என்றீர்கள். டிராக்டர் இருக்கிறதுதான், ஆனால் ஒரே கூரைக்குள் 1910-ஆம் வருஷத்துக் கடைத்தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள், வங்கி, கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தே பார்க்கலாம். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தது என் தப்பு, மூன்று மணி நேரம் ஆயிற்று, எட்மன்டன் போய்ச் சேரும்போது நள்ளிரவு.

பள்ளி மேசையில் மைக்கூடு வைக்கிற ஓட்டையில் என் மகள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள், கிளப்பவே முடியவில்லை.

இந்தப் பக்கம் விவசாயம் செய்ய வந்த குடியேறிகளுக்கு, கனடா அரசின் 1872 நிலச் சட்டப்படி 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. கேட்க மலிவுதான். ஆனால் மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்து, புல்வெளியை உழுது, வீடும் கட்டினால்தான் பட்டா. மரம் கிடைக்காத இடத்தில் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிதான் சுவர். அப்புறம், சாஸ்கடூன் பக்கத்து நிலம் ஒன்றும் சும்மா கிடந்ததல்ல, க்ரீ பழங்குடி மக்கள் உள்ளிட்டோருடன் அரசு 1876-இல் போட்ட ஆறாம் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிலம் அது.

குளிர்காலத்தில் போகிறவர்களும் தயங்க வேண்டாம், தெரு முழுக்க உள்ளேதான்.